வெள்ளையடிக்கும் முன் டேப்பை எடுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் தமிழ்நாட்டில் பெயிண்டர்களுக்குக் கிராக்கி ஏறிவிடும். பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரே தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் ஒரே மேஸ்திரியைத் தேடுவார்கள். அவரும் வருவார். கூடத்தின் நடுவில் நின்று சுவரையும் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். "மெட்டீரியலோட எழுபதாயிரம் ஆகும் சார், பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பார். வீட்டுக்காரர் அறுபதுக்குக் கேட்பார். அறுபத்தைந்தில் படியும். எத்தனை சதுர அடிக்கு, எந்தப் பெயிண்ட், எத்தனை கோட் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுகூட அந்தப் பேச்சில் எழுந்திருக்காது.

பின்னால் வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியவைதான். பெயிண்டர் மோசக்காரராக இருந்ததால் ஏமாந்தவர்களைவிட, எதற்கு விலை பேசினோம் என்றே தெரியாமல் ஏமாந்தவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. வேலை தொடங்கிய பிறகு வாதாடுவதில் பயனில்லை. நுகர்வோர் ஆணையம் வரை போனாலும் அங்கே முதலில் கேட்கப்போவது "என்ன பேசினீர்கள், எதில் எழுதியிருக்கிறது?" என்பதைத்தான்.

முதலில் சதுர அடி. "ஆயிரம் சதுர அடி வீடு" என்று நாம் சொல்வது தரையின் கணக்கு. பெயிண்டருக்குக் கூலி கொடுப்பதோ சுவரின் கணக்கில். 10க்கு 12 அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடி. உயரம் 10 அடி என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி, மேலே கூரை 120. ஆக 560. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 20 கழித்தால் 519. தரையைப்போல் நாலு மடங்குக்கும் மேல். ஆனால் கூடம் பெரிதாக இருப்பதாலும், சமையலறையிலும் குளியலறையிலும் டைல்ஸ் ஒட்டியிருப்பதாலும், வீடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது இது மூன்று முதல் மூன்றரை மடங்குக்கு இறங்கிவிடும். மேஸ்திரிகளின் வாய்க்கணக்கும் இதுதான். அதில் தவறில்லை.

தவறு எங்கே நுழைகிறது என்றால், எந்தத் தரைப்பரப்பை மூன்றரையால் பெருக்குகிறார்கள் என்பதில். அடுக்குமாடி வீட்டை விற்கும்போது பில்டர் சொல்லும் 1,200 சதுர அடியில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அடங்கியிருக்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் 900 சதுர அடிதான் தேறும். 1,200ஐ மூன்றரையால் பெருக்கினால் 4,200. 900ஐப் பெருக்கினால் 3,150. இல்லாத 1,050 சதுர அடிக்கு, மெட்டீரியலோடு சதுர அடி 14 ரூபாய் வீதம் 14,700 ரூபாய் கைமாறும். மேஸ்திரி வேண்டுமென்றே செய்தாலும், தெரியாமல் செய்தாலும் பணம் உங்களுடையது. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டேப்பும் ஒரு மணி நேரமும் போதும். அறை அறையாக நீளம், அகலம், உயரம் எழுதி, மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்துவிடுங்கள்.

கதவு, ஜன்னல் இடங்களைக் கழிப்பதா, வேண்டாமா என்று ஒரு தகராறு உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1200 என்ற அளவு முறை இதற்கு வழி சொல்கிறது. அரை சதுர மீட்டருக்குள் அடங்கும் சிறு திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பார்கள். அதைவிடப் பெரிய திறப்பை முழுதாகக் கழித்து, ஓரங்களின் பரப்பைத் தனியாகச் சேர்ப்பார்கள். ஜன்னலின் ஓரங்களுக்கும் பிரஷ் போட வேண்டியிருக்கிறது அல்லவா, அதற்கான ஈடு இது. இந்த முறையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று தனி வீட்டுக்காரரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் "இதன்படி அளப்போம்" என்று இருவரும் ஒப்புக்கொண்டால் பேச்சு நின்றுவிடும். கதவு, கிரில், கேட் ஆகியவற்றுக்கு எனாமல் அடிப்பது வேறு வேலை, வேறு கூலி. அதைச் சுவர்க் கணக்கோடு கலக்காமல் தனி வரியில் எழுதுங்கள்.

இனி விலை. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும் சங்கதி இது. எனவே கீழே வருவதை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாமல், கணக்குப் போடும் முறையாகப் பாருங்கள். சுவர்ப்பரப்பு 3,300 சதுர அடி. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த, ஓதம் இல்லாத சுவர். ஆங்காங்கே பட்டி பார்த்து, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் உட்புற எமல்ஷன். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி என்று வைத்தால் 30 லிட்டர் வேண்டும். நடுத்தர ரகம் லிட்டர் 300 ரூபாய் என்றால் 9,000. பிரைமருக்கு 3,000, பட்டி மூட்டைக்கும் உப்புத்தாளுக்கும் சில்லறைக்கும் இன்னொரு 3,000. ஆகப் பொருள் 15,000. கூலி சதுர அடிக்கு 9 ரூபாய் என்றால் 29,700. மொத்தம் 45,000 ரூபாயை ஒட்டி வரும்.

இந்தக் கூலி நியாயமா என்று சரிபார்க்க ஆட்களை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு பெயிண்டர்களுக்கு ஆளுக்கு 1,100, உதவியாளுக்கு 800 என்றால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். பத்து நாளைக்கு 30,000. சதுர அடிக் கணக்கும் ஆள் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விலை சரி. மேஸ்திரி இதே அளவு வீட்டை ஐந்து நாளில் முடிப்பேன், கூலி 30,000 என்றால், ஒன்று ஆட்கள் அதிகம் வருகிறார்கள், அல்லது ஏதோ ஒரு கோட் குறைகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, செலவில் பெரும்பங்கு கூலிதான் என்பது. லிட்டருக்கு 100 ரூபாய் குறைந்த பெயிண்ட் வாங்கினால் மிச்சமாவது 3,000 ரூபாய். அதற்காக மூன்றே வருடத்தில் மறுபடி முப்பதாயிரம் கூலி கொடுப்பது சிக்கனம் ஆகாது. அதேபோல், ஓதம் ஏறும் சுவரில் விலை உயர்ந்த பெயிண்ட் அடிப்பதும் வீண்தான். மொட்டைமாடி ஒழுகுகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா, அடிச்சுவரில் மண்ணின் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்து அடைக்காமல் மேலே எது அடித்தாலும் உப்புப் பூத்துக் கொப்பளித்து உரியும். நல்ல பெயிண்டர் இதை முதல் நாளே சொல்வார். "அதெல்லாம் வாட்டர்ப்ரூஃப் கோட் அடிச்சா சரியாயிடும் சார்" என்பவரிடம் காரணத்தை விளக்கச் சொல்லுங்கள். புதுச் சுவர் என்றால் சிமெண்ட் பூச்சு முடிந்து குறைந்தது நாலு வாரமாவது காயவிட வேண்டும். கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்தாயிற்று என்பதற்காகச் சுவர் சீக்கிரம் காய்ந்துவிடாது.

பெயிண்டை யார் வாங்குவது? நேரம் இருந்தால் நீங்களே வாங்குங்கள் என்பேன். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பியிலிருந்து கடைக்காரர்கள் கழிவு தருவது சாதாரணம். மேஸ்திரி வாங்கினால் அந்தக் கழிவு அவருக்குப் போய், உங்கள் கணக்கில் எம்ஆர்பி ஏறும் வாய்ப்பு உண்டு. சில ரகப் பட்டி மூட்டையிலும் பெயிண்ட் பக்கெட்டிலும் பெயிண்டருக்கென்று கம்பெனியே டோக்கன் வைக்கிறது. இப்போது பல இடங்களில் அது ஸ்கேன் செய்யும் கட்டமாக மாறியிருக்கிறது. டோக்கன் எடுப்பதைத் திருட்டு என்று சண்டை போட வேண்டாம், தொழிலில் ஊறிப்போன வழக்கம் அது. ஆனால் குறிப்பிட்ட ரகத்தையே வாங்கச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினால் அதன் பின்னால் டோக்கன் இருக்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தேவைக்கு மேல் இரண்டு பக்கெட் வாங்கச் சொன்னால், மேலே சொன்ன லிட்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கம்பெனி பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே கம்பெனியில் லிட்டர் இருநூறு ரூபாய்க்கும் எமல்ஷன் உண்டு, அறுநூறுக்கு மேலும் உண்டு. ரகத்தின் முழுப் பெயர், நிறத்தின் எண், பேஸ் எது என்பதெல்லாம் பில்லில் இருக்க வேண்டும். நிறம் கலந்து தரும் டப்பாக்களில், சாயம் சேர்க்க இடம் விட்டு, பேஸ் கொஞ்சம் குறைவாகவே அடைக்கப்பட்டிருக்கும். 20 லிட்டர் பக்கெட் என்று வாய்வழக்கில் சொன்னாலும் மேலே அச்சிட்ட நிகர அளவைப் படியுங்கள். சீல் உங்கள் கண்முன் உடையட்டும். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் கலந்தால் பரப்பு கூடும், சுவர் இரண்டாவது வருடமே கையில் ஒட்டும். வேலை முடிந்து ஓராண்டு வரை ஒரு காலி டப்பாவையாவது பரணில் போட்டு வையுங்கள். அதிலிருக்கும் பேட்ச் எண் பின்னால் உதவும். எம்ஆர்பிக்கு மேல் விற்றாலோ, அளவு குறைந்தாலோ சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் அவர்கள் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நீங்கள் பெயிண்டரை எப்படி அமர்த்தினீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் உரிமை அமைகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. காசு கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் இழப்பீடு கேட்க அது வழி செய்கிறது. ஆனால் எஜமானர் – வேலையாள் உறவில் செய்யப்படும் வேலையை அது சேவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியது. நீங்கள் ஆளைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டு, பெயிண்டும் பிரஷும் வாங்கிக் கொடுத்து, "இந்தச் சுவரை இப்படி அடி" என்று கூடவே நின்று வேலை வாங்கினால், அது வேலையாள் உறவு என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருக்கிறது. இத்தனை பரப்பை, இன்ன முறையில், இவ்வளவு தொகைக்கு முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் பொறுப்பேற்றால் அது சேவை. தினக்கூலி முறை சின்னச் சின்ன டச்சப் வேலைக்குப் பொருந்தும். முழு வீட்டுக்கு ஒப்பந்த முறைதான் பாதுகாப்பு.

ஒப்பந்தம் என்றதும் முத்திரைத்தாளும் வக்கீலும் தேவை என்று மிரள வேண்டாம். வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தமே, நிரூபிப்பதுதான் பாடு. ஒரு வெள்ளைத்தாளில், அளந்த பரப்பு, சதுர அடி விலை, பெயிண்டின் ரகம், பட்டி எத்தனை தடவை, பிரைமர் உண்டா, எத்தனை கோட், சாரம் யார் செலவு, தரையிலும் சாமான்கள் மேலும் சிந்தாமல் மூடுவது யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது, பணம் எப்போது எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதுவும் கூச்சமாக இருந்தால் பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டி, "சரிதானே அண்ணே?" என்று கேளுங்கள். அவர் "சரி சார்" என்று பதில் போட்டால் அதுவும் ஆவணம்தான். அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

முன்பணம் விஷயத்தில் தாராளம் வேண்டாம். பொருளை நீங்கள் வாங்கினால் கூலியில் 10 முதல் 20 சதவீதம் முன்பணமாகப் போதும். பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு, முடிவில் மீதி. கோட்களை எண்ணுவதற்கு ஓர் எளிய வழி, ஒவ்வொரு கோட் முடிந்த அன்றும் தேதியோடு செல்போனில் படம் எடுத்து வைப்பது. பணத்தை யுபிஐ மூலமாக அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

சிலர் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ப்பார்கள். பெயிண்டிங் வேலைக்கு அந்த விகிதம் சரிதான். ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கான்ட்ராக்டர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தச் செலவு வேறு வடிவத்தில் வருகிறது. காலி செய்யும்போது "பெயிண்டிங்குக்கு" என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னையில் எழுதாத விதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும். ஆகவே குடிவரும்போதே அந்த வரியைத் தேடிப் படியுங்கள். குழந்தை சுவர் முழுக்கக் கிறுக்கி வைத்ததற்கும், ஆணி அடித்துச் சுவரைப் பெயர்த்ததற்கும் குடியிருப்பவர் பொறுப்பேற்பது நியாயம். ஐந்து வருடம் வாழ்ந்ததில் நிறம் மங்கியதற்கு அவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? தகராறு என்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு பூசிய கதவுகளிலும் கிரில்களிலும், ஈயம் அதிகம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் கேடு. தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெயிண்டருக்கு ஒரு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வாழ்நாள் முழுக்க அந்தத் தூசியைக் குடிப்பவர் அவர்தான்.

இன்னொன்று உயரம். மூன்றாம் மாடி வெளிச்சுவரில் இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் ஆள் தொங்குவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் வெளிச்சுவரில் ஏறக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதற்காகச் சில ஆயிரம் கூடினாலும் கொடுங்கள். மின்கம்பி சுவருக்கு அருகில் போனால் அலுமினிய ஏணியும் நீளக் கம்பியில் கட்டிய ரோலரும் உயிரைக் குடிக்கும். மின்சாரத்தை நிறுத்தித் தர, வேலைக்கு முன்பே உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். வருகிறவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்றும் விசாரியுங்கள். பெயிண்டர்களும் அதில் சேரலாம். விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவி பதிவைப் பொறுத்தது. பதினாலு வயதுக்குட்பட்ட பையன் யாரேனும் பட்டி குழைக்க வந்திருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். அது குற்றம்.

இத்தனைக்கும் பிறகு சுவர் உரிந்தால் என்ன செய்வது? முதலில் தொடாதீர்கள். கோபத்தில் வேறு ஆளை வைத்து மேலே அடித்துவிட்டால் சாட்சியம் போயிற்று. படம் எடுங்கள். தேதியோடு குறையைக் குறிப்பிட்டு, பதினைந்து நாளில் சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். பெயிண்டின் மேல் சந்தேகம் என்றால் பில்லையும் பேட்ச் எண்ணையும் காட்டிக் கம்பெனியிடம் புகார் கொடுத்தால் சுவரைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். கம்பெனி வாரண்டி கொடுத்திருந்தால் அது பெயிண்டுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று படியுங்கள். கட்டடத்தில் ஏறும் ஓதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பாருங்கள்.

ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபாய்த் தகராறுக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பொருத்தமான இடம். வழக்குப் போடுவதற்கு முன்பே இருவரையும் அழைத்துச் சமரசம் பேச அங்கே ஏற்பாடு உண்டு, கட்டணம் கிடையாது. 15100 என்ற எண்ணில் வழி கேட்கலாம். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால், முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டும் ஆதாரத்தோடு காவல் நிலையம் போகலாம். வேலை தாமதமானது, தரம் குறைந்தது என்பதற்கெல்லாம் போலீஸ் வராது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவு பெயிண்டருக்கும் திறந்திருக்கிறது. கையெழுத்திட்ட அந்தத் தாளைக் காட்டி மீதிக்கூலி கேட்க அவருக்கும் உரிமை உண்டு. கடைசித் தவணையை இழுத்தடித்து, சுவரில் இல்லாத குறையைத் தேடும் வீட்டுக்காரர்களும் நம்மிடையே குறைவில்லை. பேசியபடி வேலை முடிந்திருந்தால் மீதிப் பணத்தை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.